ஐம்பத்தெட்டு கிராம்

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் கிராம். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் கூப்பிட்டுத் தேய்த்துவிடவில்லை.

மலையேறுகிறவர்களுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடையின் பின்கட்டில், பதினான்கு அடிக்குப் பதினோரு அடி அளவுள்ள அறையில், தூக்கப்பைகளைத் துவைத்து உலர்த்துவது அவர் வேலை. ஒன்பது வருஷமாகச் செய்கிறார். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருந்தார். அங்கே ஒரு முறை நாற்பது போர்வை காணாமல் போய், பழி அவர் தலையில் விழுந்தது. அவர் பாட்டுக்கு எழுதி வைத்திருந்த ஒரு பழைய நோட்டுதான் அவரைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து எழுதாமல் அவர் ஒரு துண்டைக்கூடக் கை மாற்றியதில்லை.

தூக்கப்பை என்றால் ஆள் நீளத்துக்கு ஒரு பை. உள்ளே புகுந்து கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொண்டால் பனிமலையிலும் உறங்கலாம். இரண்டு துணிக்கு நடுவே வாத்தின் மார்பில் இறகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு போன்ற தூவியை அடைத்து, அது ஓரிடத்தில் குவியாமல் இருக்க வரிவரியாக அறை பிரித்துத் தைத்திருப்பார்கள். உலர்ந்த தூவி உப்பி நின்று உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நனைந்தால் ஊறின காகிதம்தான். ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகிவிடும். அந்த இடத்தில் சூடும் இல்லை, மென்மையும் இல்லை.

அதனால் அவருடைய வேலையில் அவசரத்துக்கு இடமே கிடையாது. ஜிப்பைப் பூட்டி, பையை உள்வெளியாகத் திருப்பி, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, முழங்கை முங்க அமுக்கி அமுக்கி அழுக்கெடுப்பார். நான்கு தடவை அலசுவார். நனைந்த பையை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் உள்தையல் கிழியும் என்பதால், குளிப்பாட்டிய பிள்ளையை எடுப்பதுபோல இரண்டு கையாலும் அடியில் தாங்கி எடுப்பார். பிறகு உலர்த்தும் இயந்திரத்தில், மிகக் குறைந்த சூட்டில், ஆறு மணி நேரம். கூடவே மூன்று டென்னிஸ் பந்துகள். உருளும்போது அவை பையை அடித்து அடித்துத் தூவிக் கட்டிகளை உடைக்கும். அரை மணிக்கு ஒரு தரம் கதவைத் திறந்து, உடையாத கட்டிகளை விரலால் நெருடிப் பிரிப்பார். அதன் பிறகு ஒரு நாள் முழுக்க வலைத்தட்டில் கிடத்தி வைப்பார்.

கடைசியில் தராசு. ஒவ்வொரு பைக்கும் நோட்டில் ஒரு பக்கம். சுத்தமாக, உலர்ந்து இருக்கும்போது அதன் எடை எவ்வளவு என்று முதல் வரியில் இருக்கும். ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் அந்த எண் திரும்பி வந்தாக வேண்டும்.

"மேல தொட்டா எல்லாம் காஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ள ஒளிஞ்சிருக்கிற தண்ணி தராசுக்கு மட்டும்தான் தெரியும்" என்பார்.

அவர் மனைவி பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். வாய் கொஞ்சம் நீளம். "நல்லவேளை, என்னை நிறுத்துப் பார்க்காம கட்டிக்கிட்டார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "அப்ப தராசு வாங்கலை" என்று கிராம் பதில் சொல்வார். முப்பத்தோரு வருஷமாக இந்த ஒரு நகைச்சுவையிலேயே குடும்பம் ஓடுகிறது.

கடைக்கு வருகிறவர்களில் கிராமுக்கு மிகவும் பிடித்தவர் கணக்கு டீச்சர். நாற்பத்துநான்கு வயது. வருஷத்துக்கு ஒரு தரம் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போவார். வாடகைப் பை எடுக்க மாட்டார். சொந்தப் பை, நீல நிறம், சுத்த எடை ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு கிராம். ஆறு வருஷமாக அதைத் துவைக்கிறவர் கிராம்தான். டீச்சர் நோட்டை வாங்கிப் பார்ப்பார். மற்றவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். டீச்சர் படிப்பார்.

"அண்ணே, என் பிள்ளைங்க வீட்டுப்பாடத்தை இப்படி எழுதினா நான் ஏன் மலைக்கு ஓடுறேன்?" என்று ஒரு தடவை சொன்னார். அந்த வாக்கியத்தைக் கிராம் ஒரு வாரம் மனத்துக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அந்த மாதம் பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீலப் பையைத் துவைத்தார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இயந்திரத்தில் போட்டார். பதினொன்றே முக்காலுக்கு மின்சாரம் போனது. ஜன்னல் இல்லாத அறை. இருட்டில் கதவைத் திறந்து, பையைப் பாதி வெளியே இழுத்து, கைக்கு அகப்பட்ட கட்டிகளை நெருடிக்கொண்டிருந்தார். ஒரு மணி நாற்பது நிமிஷம் கழித்து வெளிச்சம் வந்தது. பையை உள்ளே தள்ளி மறுபடி ஓட விட்டார். அன்று மூன்று மணிக்கு முதலாளி கடையை அடைத்துவிட்டதால், உலர்த்திய நேரம் மொத்தம் நான்கு மணி இருபது நிமிஷம்தான். மீதியைச் செவ்வாய்க்கிழமை பார்த்துக்கொள்ளலாம், டீச்சர் புறப்படுவது வியாழக்கிழமைதானே என்று நினைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மற்ற பைகள் இயந்திரத்தை அடைத்துக்கொண்டன. மதியம் இரண்டு ஐம்பதுக்கு வாசலில் வேன் வந்து நின்றது. பனி வருகிறதென்று பயணத்தை முன்னால் தள்ளிவிட்டார்களாம். டீச்சர் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"அண்ணே, பை ரெடியா? மூணரைக்குள்ள கீழ்ச்சாவடியைத் தாண்டலைன்னா கேட்டைப் பூட்டிடுவாங்க."

கிராம் பையைத் தொட்டுப் பார்த்தார். மேலே காய்ந்திருந்தது. நன்றாக உப்பியும் இருந்தது. எப்போதும் முதலில் எடை, பிறகு கையை உள்ளே விட்டுக் கால்மூலைவரை தடவிப் பார்ப்பது, கடைசியில் உறைக்குள் திணிப்பது. இதுதான் வரிசை. அன்று வேன் ஹாரன் அடித்ததில் வரிசை தலைகீழானது. கால்பக்கம் முதலில் போகும்படி பையை உறைக்குள் திணித்து முடித்துவிட்டு, பிறகுதான் தராசில் வைத்தார். உறையின் எடையைக் கழித்துப் பார்த்தால் ஆயிரத்து இருநூற்று எழுபத்திரண்டு.

அவர் முகம் சுருங்கியது. "ஐம்பத்தெட்டு கூட வருது டீச்சர்."

அப்போதுதான் பந்துக் கூடை கண்ணில் பட்டது. அதில் இரண்டு பந்துதான் இருந்தது. உறையின் அடியை விரலால் அமுக்கிப் பார்த்தார். உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது.

"அடடே, பந்து உள்ளயே தங்கிடுச்சு. கால்மூலைல உட்கார்ந்திருக்கு."

"டென்னிஸ் பந்து எவ்வளவு எடை?"

"ஐம்பத்தெட்டு. டப்பாவுலயே போட்டிருக்கும்."

டீச்சர் கண் மின்னியது. "ஆயிரத்து இருநூத்தி எழுபத்திரண்டுல ஐம்பத்தெட்டு போனா, ஆயிரத்து இருநூத்திப் பதினாலு. ஒரு கிராம்கூடப் பிசகலையே அண்ணே! நூத்துக்கு நூறு!"

"பிரிச்சு எடுத்துத் தர்றேன், ரெண்டு நிமிஷம்..."

ஹாரன் மூன்றாவது தடவை அலறியது. "இருக்கட்டும், பந்தைத் திரும்பி வரும்போது கொண்டாந்து தர்றேன். மேல போரடிச்சா வழிகாட்டியோட கேட்ச் பிடிச்சு விளையாடுறேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஓடினார். கிராம் நோட்டில் எழுதினார்: 1,272. பந்து 58. பை 1,214. சரி.

அந்தச் 'சரி' இரண்டு நாள்தான் சரியாக இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே துடைப்பம் எதிலோ இடித்தது. குனிந்து இழுத்தார். தூசி அப்பிய மூன்றாவது பந்து உருண்டு வந்து அவர் காலருகில் நின்றது.

சிறிது நேரம் அதை எடுக்கவே அவருக்குக் கை வரவில்லை. பிறகு எடுத்தார். தூசியைத் துடைத்துத் தராசில் வைத்தார். ஐம்பத்தொன்று. ஒன்பது வருஷமாக அடிபட்டு ரோமமெல்லாம் தேய்ந்த பந்து. கடையில் இருக்கிற பூட்டு, கயிறு, கரண்டி எல்லாவற்றையும் நிறுத்து எழுதியவர், அந்த மூன்று பந்துகளை மட்டும் ஒரு நாளும் நிறுத்ததில்லை. டப்பாவில் போட்டிருந்ததை நம்பிவிட்டார்.

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. திங்கட்கிழமை இருட்டில் கதவைத் திறந்தபோது பந்து வெளியே உருண்டிருக்கிறது. மீதி நேரம் இரண்டு பந்தோடு ஓடியதால் கால்மூலைக் கட்டி உடையவில்லை. விரலுக்குத் தட்டுப்பட்ட உருண்டை, ஈரத் தூவி. அந்த ஐம்பத்தெட்டு கிராமும் தண்ணீர். அது இருப்பது டீச்சரின் பாதம் போய்ச் சேரும் இடத்தில்.

சுவரில் டீச்சரின் பயணத் திட்டம் ஒட்டியிருந்தது. முதல் இரவு கீழ்விடுதி. இரண்டாம் இரவு நடுக்குடிசை. இரண்டு இடத்திலும் அடுப்பும் கம்பளியும் உண்டு, தூக்கப்பையைப் பிரிக்கவே வேண்டாம். மூன்றாம் இரவு, அதாவது இன்றைக்கு, மேலே திறந்த வெளியில் கூடாரம். வானிலைத் தாளில் மைனஸ் பதினான்கு என்றிருந்தது.

முன்கடையில் முதலாளி கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். கிராம் பந்தை நீட்டி விஷயத்தைச் சொன்னார்.

"யோவ் கிராமு, ஐம்பத்தெட்டு கிராம் தண்ணி. ஒரு வாய் கொப்புளிச்சா தீர்ந்துபோச்சு. அதுக்கா மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே?"

"வாய்ல இருந்தா துப்பிடலாம் முதலாளி. காலைச் சுத்தி உறைஞ்சா எங்க துப்புறது? மலை அனுமதி ஆபீஸ்ல வயர்லெஸ் இருக்கு. நாலு மணிக்கு நடுக்குடிசைக்காரர் வழிகாட்டியோட பேசுவார். அதுல சொல்லிடலாம்."

முதலாளி கயிற்றைக் கீழே போட்டார். "அங்க சொல்றதெல்லாம் பதிவேட்டுல ஏறும். ஈரப் பையைக் கொடுத்தனுப்பின கடைன்னு எழுதினா, நாளைக்கு எவன் நம்ம படி ஏறுவான்? நம்ம தலையில நாமே மண்ணள்ளிப் போட்டுக்கச் சொல்றியா? டீச்சர் கெட்டிக்காரங்க. பந்தை எடுக்கப் போறப்ப அவங்களே பார்த்துப்பாங்க."

"பார்க்கலைன்னா?"

"கிராமு, நீ நல்லவன். நல்லவன் மாதிரி உள்ள போய் வேலையைப் பாரு."

கிராம் உள்ளே போனார். நனையாமல் இருக்கக் கட்டியிருந்த மேல்துணியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினார். ஒன்பது வருஷத்தில் அவர் வேலை நேரத்தில் வெளியே போனது அதுதான் முதல் தடவை. அதையும் எழுதியிருக்கிறார்: பதினொன்று ஐந்து.

அனுமதி அலுவலகத்துக் குமாஸ்தா, அவர் எழுதிக் கொடுத்த தாளை உரக்கப் படித்தார். "'பந்து பையில் இல்லை. கால்மூலையில் இருப்பது ஈரம். காலை உள்ளே விட வேண்டாம்.' என்னண்ணே இது, பந்து கிடைச்சிருச்சுன்னா சந்தோஷப்பட வேண்டியதுதானே?"

கிராம் விளக்கினார். கேட்கக் கேட்கக் குமாஸ்தாவின் சிரிப்பு ஓய்ந்தது. பதிவேட்டைத் திறந்தார். "அனுப்புறது யாருன்னு போட?"

கிராம் கடைப் பெயரைச் சொன்னார். கீழே, பந்தைத் தவறாகக் கழித்தவர் என்று தன் பெயரையும் எழுதச் சொன்னார். பெற்றவர்கள் வைத்த பெயர். சொல்லும்போது நாக்குக்கே அது புதிதாக இருந்தது.

நான்கு மணிக்கு நடுக்குடிசைக்காரர் வழிகாட்டியைக் கூப்பிட்டார். வயர்லெஸ்ஸில் இரைச்சல். மூன்று தடவை கூப்பிட்டார். பதில் இல்லை.

"முகட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிட்டா சத்தம் எட்டாது" என்றார் குமாஸ்தா. "இனி காலையில ஏழு மணிக்குத்தான்."

"குடிசையிலிருந்து ஆள் போனா?"

"நாலு மணி நேர ஏத்தம்ணே. இருட்டுல யாரையும் அனுப்ப மாட்டாங்க."

கிராம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்கு அலுவலகத்தைப் பூட்டும்போது குமாஸ்தா தோளைத் தொட்டு எழுப்பிவிட வேண்டியிருந்தது. அவர் உறங்கவில்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மனைவி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மேஜைமேல் சமையல் தராசு, அதன்மேல் ஒரு டம்ளர், டம்ளரின் அடியில் கொஞ்சம் தண்ணீர். தாகத்தில் எடுத்து வாயருகில் கொண்டுபோனார்.

"குடிக்காத!"

"ஏங்க, மருந்தா?"

"ஐம்பத்தெட்டு கிராம். நாலு மடக்குகூட வராது. அது இப்ப டீச்சர் காலடியில இருக்கு."

மனைவி டம்ளரை இருந்த இடத்திலேயே வைத்தார். நடந்ததையெல்லாம் கேட்டார். அன்றைக்கு அவர் வாயில் ஒரு கேலியும் வரவில்லை. "முதலாளி வேலையை விட்டுத் தூக்கிடுவாரா?" என்று மட்டும் கேட்டார்.

"தூக்கினா தூக்கட்டும்."

"அதுக்கில்லைங்க. நீங்க வீட்ல இருந்தா என் சமையலையெல்லாம் நிறுத்துப் பார்ப்பீங்களேன்னுதான்." சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கை தொட்டித் தண்ணீரில் இருந்து எடுத்ததுபோலச் சில்லென்றிருந்தது.

வெள்ளிக்கிழமை ஏழு மணி ஐந்து நிமிஷத்துக்குப் பதில் வந்தது. குமாஸ்தா அதைத் தாளில் எழுதி, படிக்காமல், அப்படியே அவரிடம் நீட்டினார். 'இடது கால் இரண்டு விரலில் உணர்ச்சி இல்லை. இறங்குகிறோம்.'

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கிராம் ஆஸ்பத்திரிக்குப் போனார். இருபத்திரண்டு வருஷம் நடந்த தாழ்வாரம். தான் துவைத்ததாகக்கூட இருக்கலாம் என்று தோன்றிய விரிப்பின்மேல் டீச்சர் சாய்ந்திருந்தார். இடது காலில் கட்டு.

"வாங்கண்ணே. நிக்காதீங்க, உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. "டீச்சர், பந்து..."

"தெரியும். ஏழு மணிக்கு வயர்லெஸ்ல படிச்சாங்க. அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு." டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "படுத்தவுடனே காலுல உருண்டையா இடிச்சுது. சில்லுன்னு இருந்துது. பந்துதானே, வெளிய கிடந்த சாமான், சில்லுன்னுதான் இருக்கும்னு நினைச்சேன். எடுக்கச் சோம்பல். இடது காலால அதை ஓரமா தள்ளி, அதுமேலயே காலை வெச்சுக்கிட்டுத் தூங்கிட்டேன். வலிச்சு முழிச்சிருந்தாலாவது தேவலை. வலிக்கவே இல்லைண்ணே. விடியற நேரத்துல வழிகாட்டி எழுப்பினப்ப, பந்தை எடுத்துக் காட்டலாம்னு கையை விட்டேன். பந்து இல்லை."



"நீங்க பந்துன்னு சொல்லாம, 'என்னமோ ஐம்பத்தெட்டு கூட வருது, தெரியலை'ன்னு சொல்லியிருந்தா, நான் பிரிச்சுப் பார்த்திருப்பேன்" என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. கரும்பலகையில் தப்பு நடந்த வரியைக் காட்டுகிறவர்போலச் சொன்னார். "கணக்கு அவ்வளவு அழகா வந்துதா, நானும் கேள்வி கேக்கலை. அந்தப் பந்தை நிறுத்துப் பார்த்தீங்களா?"

"ஐம்பத்தொண்ணு."

டீச்சரின் உதடு சிரிப்பதுபோலக் கோணியது. "அப்ப ஏழு கிராமை நாம ரெண்டு பேரும் சேர்ந்து முழுங்கியிருக்கோம்."

கிராமுக்குச் சிரிப்பு வரவில்லை. மருத்துவர் இருபது நாள் பார்க்கச் சொல்லியிருந்தார். அந்த இருபது நாளும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாளுக்கு ஒரு கோடாக ஏறியது. முதலாளி பேசுவதை நிறுத்தியிருந்தார். வேலையை விட்டு நீக்கவில்லை. 'இனி வெளியாள் பையைத் தொடாதே, வாடகைப் பை மட்டும்' என்று ஒரு சீட்டில் எழுதி இயந்திரத்தின்மேல் ஒட்டியிருந்தார். இரண்டு சுற்றுலாக் குழுக்கள் வேறு கடைக்குப் போய்விட்டன.

இருபத்தோராம் நாள், ஒரு விரலில் ரத்தம் திரும்பிவிட்டது என்றும், சுண்டுவிரலின் நுனியை எடுத்தாயிற்று என்றும் குமாஸ்தா வந்து சொன்னார்.

அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து டீச்சரே கடைக்கு வந்தார். இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து நடந்தார். கையில் நீலப் பை. நேராகப் பின்கட்டுக்குப் போய், இயந்திரத்தின்மேல் இருந்த சீட்டைப் படித்தார். திரும்பி, முன்கடையில் இருந்த முதலாளி காதில் விழும்படிச் சொன்னார்:

"நான் வெளியாள் இல்லைங்க முதலாளி. நான் உங்க மேல புகார் எழுதாத ஆள்."

முதலாளி கயிற்றை அவிழ்த்து மறுபடி சுருட்ட ஆரம்பித்தார்.

"வேண்டாம் டீச்சர். வேற யார்கிட்டயாவது கொடுங்க" என்றார் கிராம்.

"யாரு இருக்கா?"

கிராம் கையை நீட்டினார். பையை வாங்கித் துவைத்தார். மூன்று பந்தையும் நிறுத்து, எண்ணிப் போட்டார். ஏழு மணி நேரம் உலர்த்தினார். மூன்று நாள் தட்டில் கிடத்தினார். எடை ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. முன்பைவிட இரண்டு கிராம் குறைவு. மலையில் எங்கோ தையல் வழியாகக் கொஞ்சம் தூவி பறந்திருக்கும். அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. ஆனால் அதை எழுதவில்லை. 'இரண்டு குறைவு. காரணம் தெரியவில்லை' என்று எழுதினார்.

டீச்சர் வாங்க வந்தபோது பை உறைக்குள் இல்லை. மேஜைமேல் நீளமாகக் கிடந்தது.

"கை விட்டுப் பாருங்க டீச்சர்."

"நீங்க பார்த்திருப்பீங்களே?"

"நாலு தடவை பார்த்தேன். நீங்க பாருங்க."

டீச்சர் மேஜைமேல் குனிந்து கையை விட்டார். முழங்கை போனது, தோள் போனது, அப்படியும் கால்மூலை எட்டாமல் தலையும் பாதி உள்ளே போயிற்று. பைக்குள்ளிருந்து குரல் அமுங்கி வந்தது.

"ஒண்ணுமில்லைண்ணே. நல்லா காஞ்சிருக்கு."

"இடது மூலை?"

"அங்கயும் ஒண்ணுமில்லை."

கிராம் பேனாவைத் திறந்தார். தாளில் வைத்தார். மறுபடி மூடினார்.

"இன்னொரு தடவை பாருங்க" என்றார்.